கம்பத்தில் எட்டடித் தண்ணீர்

1938, ஜூன் 15, புதன்கிழமை. காலை 6.20.

அப்புசாமியை முதலில் பார்த்தது ஓர் எருமை. குடிக்க இறங்கிய அது, தண்ணீரில் வாய் வைக்காமல் ஒரு பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. ஓட்டி வந்த சடையன் அதட்டினான், வாலை முறுக்கினான். பிறகுதான் அது பார்த்த இடத்தைத் தானும் பார்த்தான்.

நொச்சித்துறைக்குக் கிழக்கே முக்கால் மைலில், காவிரி வளைகிற இடத்தில், நாணல் புதருக்குள் ஒரு ஆள் குப்புறக் கிடந்தான். முதல் நாள் வரை அந்த நாணல் காய்ந்த மணலில் நின்றது. இப்போது செந்தண்ணீர் அதன் கழுத்தைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. அந்த வருஷத்தின் முதல் தண்ணீர் செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் ஊருக்கு வந்திருந்தது.

சடையன் ஆளைப் புரட்டினான். பரிசல்காரன் அப்புசாமி. பின்மண்டை பிளந்திருந்தது. நொச்சித்துறையில் ஆற்றை அறிந்தவன் என்று ஒருவனைச் சொல்லச் சொன்னால் ஊரே கை காட்டுகிற ஆள். அவனை ஆறு கொண்டுபோயிற்று என்றால் அதற்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.

பதில் சொல்ல வேண்டிய ஆளை எட்டு மணிக்குள் ஊர் கண்டுபிடித்துவிட்டது. தந்தி ஆபீஸ் காளியண்ணன்.

நொச்சித்துறைத் தபால் ஆபீஸில் தபாலுக்கும் தந்திக்கும் சேர்த்து அவர் ஒருவர்தான். ஒரு பியூன் உண்டு. மேட்டூரில் தண்ணீர் திறந்தாயிற்று என்பது எல்லாருக்கும் தெரியும். அது இன்று வருமா நாளை வருமா என்பதை மேல்துறை என்கிற ஊரிலிருந்து வருகிற தந்திதான் சொல்லும். தண்ணீர் மேல்துறையைத் தாண்டியதும் அங்கிருந்து தந்தி அடிப்பார்கள். அந்தத் தந்தி செவ்வாய்க்கிழமை 3.50க்கு நொச்சித்துறைக்கு வந்துவிட்டது. மணியக்காரர் கைக்குப் போனது 5.10க்கு. தலையாரி தமுக்கு அடித்தது 5.20க்கு. மூன்று நேரங்களும் ஏட்டில் இருந்தன. ஊருக்கு வேறு என்ன வேண்டும்?

காலை 9.30.

நாமக்கல்லிலிருந்து சைக்கிளில் வந்து இறங்கினார் சப்-இன்ஸ்பெக்டர் அர்த்தநாரி. திருச்செங்கோட்டுக்காரர். குள்ளம், தொப்பை. எந்தக் காகிதத்தையும் இரண்டு தரம் படிப்பார், எந்த ஆளையும் ஒரு தரம்தான் கேட்பார். சாவடியில் அவருக்கு முன்னாலேயே மூன்று அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். தபால் இலாகாவின் இன்ஸ்பெக்டர், பொதுப்பணி ஓவர்சீயர், தாசில்தார். மூவரும் இறந்தவனைப் பற்றிப் பேசவில்லை. தாமதம் என்றால் என்ன என்பதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

தபால் இன்ஸ்பெக்டர் சொன்னது இது. மேல்துறையில் தந்தியைக் கொடுத்தது 3.25, இங்கே எழுதி எடுத்தது 3.50. இருபத்தைந்து நிமிஷம். கம்பியில் ஆன அந்த நேரத்துக்குத்தான் தாமதம் என்று பேர். அதற்குப் பிறகு நடப்பது பட்டுவாடா. பட்டுவாடா சுணங்கலாம், தவறலாம், ஆனால் அதைத் தாமதம் என்று தன் இலாகாவின் எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.

தாசில்தார் மறுத்தார். கம்பிக்குள் நடப்பது சர்க்காருக்கு அக்கறையில்லை. மனுஷன் கைக்கு வந்த சேதி ஊர்க் காதுக்குப் போகிற வரைக்கும் ஆன நேரம்தான் தாமதம். 3.50 முதல் 5.20 வரை, ஒன்றரை மணி.

ஓவர்சீயர் இருவரையும் பரிதாபமாகப் பார்த்தார். எச்சரிக்கைக்கும் கடிகாரத்துக்கும் சம்பந்தமே இல்லை என்றார். தண்ணீருக்கு முன்னால் வந்த எச்சரிக்கை நாள் முழுக்கத் தூங்கி வந்தாலும் தாமதம் இல்லை. தண்ணீருக்குப் பின்னால் வந்தது ஒரு நிமிஷம் பிந்தினாலும் தாமதம்தான். நேற்றுத் தண்ணீர் வந்தது 4.30க்கு. தமுக்கு 5.20க்கு. ஐம்பது நிமிஷத் தாமதம், ஒரு உயிர்.

பிறகு லாக் (lag) என்ற இங்கிலீஷ் சொல்லுக்கு வந்தார்கள். தண்ணீர் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு வர எடுக்கும் நேரம் என்றார் ஓவர்சீயர். ஈரக் கம்பியில் தந்தி மந்தமாக ஓடுவது என்றார் தபால் இன்ஸ்பெக்டர். தாசில்தார் ஓர் அகராதியை எடுத்துவர நாமக்கல்லுக்கு ஆள் அனுப்பினார். பிணம் வேப்பமரத்தடியில் ஓலைப்பாயின் கீழ் கிடந்தது.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஓவர்சீயரின் அர்த்தம் ஜெயித்தால் காளியண்ணனின் மேல் கவனக்குறைவால் உயிரைப் போக்கிய குற்றம் விழும். தாசில்தார் அந்தப் பக்கம் சரிய ஆரம்பித்துவிட்டார் என்பது அவர் பேனாவைத் திறந்து வைத்ததிலேயே தெரிந்தது. நாலு மணிக்கு நாமக்கல் போகும் மோட்டார் பஸ். அதில் காளியண்ணனை ஏற்றிவிட வேண்டும் என்று அர்த்தநாரியிடம் சொன்னார்.

"தண்ணி நாலரைக்கு வந்ததுன்னு யாருங்க சொன்னது?" என்று கேட்டார் அர்த்தநாரி.

கேஜ் ரீடர் மாதையனைக் கூப்பிட்டார்கள்.

காலை 10.40.

ஆற்றின் நடுமணலில் அடி, அங்குலம் குறித்த கம்பம் ஒன்று நட்டிருந்தது. தண்ணீர் எந்த அடியில் நிற்கிறது என்று தினம் மூன்று தரமும், வெள்ளம் வருகிற நாளில் அடிக்கடியும் போய்ப் பார்த்து எழுதுவது மாதையனின் வேலை. தருமபுரிப் பக்கத்து ஆள், தனி ஆள். கரைமேல் இலாகா கொடுத்த கொட்டகையில் குடியிருந்தான். கசங்காத சட்டை, கசங்காத நோட்டு.

"நேத்து மூணு மணிக்கு?"

"அரை அடிங்க சார். கோடையில ஓடற கசிவுதான்."

"நாலு?"

"அதே அரை அடி."

"நாலரை?"

"புதுத் தண்ணி வந்திருச்சு. மூணடி."

"அஞ்சு?"

"எட்டடி. அஞ்சு இருபதுக்குத் தமுக்கு. அதையும் குறிச்சிருக்கேன், பாருங்க."

"அப்புசாமியைப் பாத்தியா?"

"நாலு மணிக்கு ஆத்துக்குள்ள இருக்கற திட்டுப் பக்கம் போனான். அங்க வெள்ளரி போட்டிருக்கான். தண்ணி வளைச்சிருக்கும். முன்னாடியே சேதி தெரிஞ்சிருந்தா பாவம், தப்பிச்சிருப்பான்."

ஓவர்சீயர் தலையை ஆட்டினார். அர்த்தநாரி நோட்டை வாங்கி இரண்டு தரம் படித்தார். ஆறு மாசத்துக் கணக்கு. தினம் மூன்று தரம் ஆற்றில் இறங்கி ஏறிய நோட்டில் ஒரு சொட்டு ஈரம் பட்ட தடம்கூட இல்லை. பொடி மணல் ஒன்று தாளுக்கிடையில் இல்லை. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய நோட்டு மாதிரி இருந்தது.

காலை 11.40.

கொட்டகையிலிருந்து பார்த்தால் கம்பம் தெரியவில்லை. இடையில் மூங்கில் புதர். முந்நூறு அடி நடந்துபோய்ப் பார்க்க வேண்டும். அர்த்தநாரி நடந்தார். செந்தண்ணீரின் நடுவே கம்பத்தின் தலை மட்டும் தெரிந்தது. திரும்பி வந்து கொட்டகை வாசலில் உட்கார்ந்து காலுறையிலிருந்து நெருஞ்சி முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பதினேழு முள். ஊர்ப் பக்கத்திலிருந்து கம்பத்துக்கு இறங்கும் இன்னொரு தடத்தில் புல்கூட இல்லை, மழமழவென்று கிடந்தது. அதில் நடந்திருந்தால் கால் தப்பியிருக்கும் என்று கூட வந்த கான்ஸ்டபிள் சொன்னான்.

மதியம் 12.30.

தபால் ஆபீஸ் வாசலில் அப்புசாமியின் பெண்டாட்டி ஆராயி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை, திட்டவில்லை. காலையிலிருந்து அப்படியே கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் மண்ணை வாரித் தூற்றியிருந்தால் உள்ளே இருந்தவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

காளியண்ணன் தந்திப் பெட்டியின் முன்னால் இருந்தார். வேலையிலிருந்து நிறுத்தி வைத்தாயிற்று. பெட்டியைத் தொடக்கூடாது. அது அவ்வப்போது கடகடவென்று வேறு யாருக்கோ போகும் சேதியைச் சொல்லிக்கொண்டிருந்தது. அப்புசாமி வீடு திரும்பவில்லை என்ற பேச்சு நேற்று இருட்டியதுமே அவர் காதில் விழுந்திருந்தது. இராத்திரி முழுக்கத் தூங்காத கண். நேற்றிலிருந்து வாயில் ஒரு பருக்கை வைக்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை என்றாள் அவர் மனைவி பெருமாயி. ஆபீஸின் பின்கட்டுதான் அவர்கள் வீடு.

தந்தி வந்தபோது பியூன் கடிதம் கொடுக்கப் போயிருந்தான். தந்திப் பெட்டியை ஆளில்லாமல் விட்டுப் போகக்கூடாது என்பது விதி. எந்த நேரமும் அடுத்த சேதி கூப்பிடலாம். காளியண்ணன் பியூனுக்காகக் காத்திருந்தார். நாலு மணி ஆயிற்று, நாலே கால் ஆயிற்று. வாசலில் போகிற ஆள் யாராவது கிடைப்பார்களா என்று எட்டிப் பார்த்தார். வெயிலில் ஒரு நாய்கூட இல்லை. 4.50க்கு விதியைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஆபீஸைப் பூட்டிக்கொண்டு, தந்தியைக் கையில் பிடித்தபடி மணியக்காரரைத் தேடி ஓடினார். மணியக்காரர் தோட்டத்தில் இருந்தார். ஓடிப் பிடிக்க இருபது நிமிஷம்.

ஆகக் குற்றம் ஒன்றல்ல, இரண்டு. தந்தியை வைத்திருந்தது ஒன்று, ஆபீஸை விட்டுப் போனது ஒன்று. பியூன் வந்து பூட்டிய கதவைப் பார்த்தது 5.45க்கு.

அர்த்தநாரி எதிரே உட்கார்ந்தார். காளியண்ணன் கடிகாரத்தைப் பார்த்தபடியே பேசினார்.

"ஒரு மணி நேரமுங்க. முள்ளு நகர்றதைப் பாத்துட்டே உக்காந்திருந்தேன். ஓடலாமா வேண்டாமான்னு யோசனை பண்ணீட்டே உக்காந்திருந்தேன். அவங்க என்ன பேரு வேணும்னாலும் வெச்சுக்கட்டுங்க. அந்த ஒரு மணி நேரத்துலதான் அவன் செத்தான். என்னைக் கூட்டிட்டுப் போயிருங்க. அந்தம்மா என்னைப் பாக்கறதை என்னால தாங்க முடியலீங்க."

அர்த்தநாரி எழுந்து பின்பக்கம் போனார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். பின்கட்டில் இரண்டு குடம் இருந்தன. ஒன்றன் உள்பக்கத்தில், கலங்கல் தெளிவதற்காக, பெருமாயி தேத்தாங்கொட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அதை விட்டுவிட்டு மற்றதிலிருந்து மொண்டு கொடுத்தாள்.

"நேத்து எடுத்த ஊத்துத் தண்ணிங்க. இன்னைக்கு எடுத்தது இன்னும் தெளியலீங்க. இந்த ஊருக் கெணறு உப்பு, வாயில வெக்க முடியாது."

இனிப்பான தண்ணீர். அர்த்தநாரி இரண்டு செம்பு குடித்துவிட்டுக் கிளம்பினார்.

மதியம் 2.00.

பிணத்தின் இடுப்பில், கோவணத்துக்கு உள்ளே, அரைஞாண் கயிற்றோடு இன்னொரு கயிறு சுற்றியிருந்தது. மந்திரித்த கயிறு என்றான் கான்ஸ்டபிள். அர்த்தநாரி அதை அவிழ்த்து மடியில் போட்டு எண்ணினார். வரிசையாக இருபது முடிச்சு. மூன்று முடிச்சில் மட்டும் சிவப்புத் துணிக் கிழிசல் செருகியிருந்தது.

சடையனை விசாரித்தார். அவனும் பரிசல்காரன்தான். பரிசல் முறைக்காக அவனுக்கும் அப்புசாமிக்கும் போன மாசம் கைகலப்பு.

"நேத்து மத்தியானம் எங்க இருந்த?"

"எருமைக்குப் புல்லறுக்கப் போயிருந்தனுங்க சாமி."

"யாரு பாத்தா?"

"எருமைதானுங்க."

"அப்புசாமியைக் கடைசியா எப்பப் பாத்த?"

"உச்சிப்பொழுது சாஞ்ச கொஞ்ச நேரத்துலீங்க. கேஜுக் கம்பத்துக்கிட்ட உக்காந்திருந்தான். திட்டுக்குப் போகலியாடான்னேன். வெள்ளரியெல்லாம் போன வாரமே பறிச்சாச்சு, இன்னைக்கு வேற வேலை இருக்குதுன்னான். எங்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசறதில்லீங்க, நானும் கேக்கலை."

கயிற்றைப் பற்றி அவனுக்குத் தெரியவில்லை. அர்த்தநாரி தபால் ஆபீஸ் வாசலுக்குத் திரும்பிப் போய் ஆராயியின் முன்னால் குந்தி உட்கார்ந்து கயிற்றை நீட்டினார். அவள் வாங்கித் தடவிப் பார்த்தாள்.

போன ஐப்பசியில் அப்புசாமியின் தம்பி பரிசலோடு வெள்ளத்தில் போனான். கம்பத்தில் தண்ணீர் இறங்குகிறது என்று மாதையன் எழுதியிருந்த நாள் அது. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து அப்புசாமிக்கு அந்தக் கம்பத்தின் மேல் ஒரு கண். எழுதப் படிக்கத் தெரியாது.

"ஒரு நாளைக்கு ஒரு முடிச்சுங்க. விடிஞ்சதுலருந்து பொழுதெறங்கற வரைக்கும் கம்பத்தைப் பாக்கற மாதிரியே சுத்தீட்டு இருப்பாரு. அந்தாளு வந்து பாத்த நாளுக்குத் துணி செருகுவாரு. ஓவர்சீயரு புதங்கெழம வாராரு, அவருகிட்டக் கயித்தைக் குடுத்து நாயங் கேக்கறேன்னு சொன்னாருங்க. இன்னைக்குத்தானுங்களே புதங்கெழம."

மதியம் 3.15.

சாவடியில் அகராதி வந்து சேர்ந்திருந்தது. அதிலும் தாமதத்துக்கு மூன்று அர்த்தம் போட்டிருந்ததால் சண்டை தீரவில்லை. இருந்தாலும் மோட்டாருக்கு நேரம் ஆகிக்கொண்டிருந்தது. தாசில்தார் எழுதத் தொடங்கிவிட்டார்.

மூன்று பேரும் தாமதத்தை எங்கே தொடங்குவது என்றுதான் அடித்துக்கொள்கிறார்கள் என்பது அர்த்தநாரிக்குப் புரிந்தது. கொடுத்த நேரமா, எடுத்த நேரமா, காதில் விழுந்த நேரமா. அந்த நேரங்களுக்கெல்லாம் ஏடு உண்டு, முத்திரை உண்டு, சாட்சி உண்டு. தண்ணீர் வந்த நேரத்துக்கு ஒரு நோட்டுதான் உண்டு, ஒரு கைதான் எழுதியது. அதை யாருமே சந்தேகப்படவில்லை. ஆனால் சந்தேகம் மட்டும் போதாது. நாலு மணி மோட்டாரை நிறுத்துகிற சாட்சி வேண்டும். அவர் கையில் இருப்பது ஒரு கயிறும் பதினேழு முள்ளும்தான்.

சாவடிப் பியூன் எல்லாருக்கும் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். செம்மண் கரைசல். தாசில்தார் முகம் சுளித்துத் தள்ளி வைத்தார். நேற்றுச் சாயங்காலம் சாவடியில் யாரும் இல்லை, காலையில் வந்துதான் ஆற்றில் மொண்டேன் என்றான் பியூன்.

அர்த்தநாரி அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார்.

"ஐயா, ஒரு பத்து நிமிஷம் பேனாவை மூடி வையுங்க," என்றார். கான்ஸ்டபிளை அனுப்பிப் பெருமாயியையும் ஆற்றுக்குக் குடம் எடுத்துப் போகிற எல்லாப் பெண்களையும் அழைத்து வரச் சொன்னார். காளியண்ணனையும், மாதையனையும் கூட்டி வரச் சொன்னார்.

மதியம் 3.35.

பதினோரு பெண்கள் சாவடிக்குள் வரத் தயங்கி வாசலில் நின்றார்கள். காலையிலிருந்து கான்ஸ்டபிள் அவர்களைத்தான் விரட்டிக்கொண்டிருந்தான். உள்ளே பேசியதெல்லாம் இங்கிலீஷ். நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவுமில்லை.

"பெருமாயம்மா, நீங்க எனக்குக் குடுத்த ஊத்துத் தண்ணியை நேத்து எங்க எடுத்தீங்க?"

"ஆத்துலீங்க. மணலைத் தோண்டி ஊத்துப் போட்டு எடுக்கறது."

"எந்த இடம்?"

"கேஜுக் கம்பத்துக்கு அடியிலீங்க. அங்கதான் பரு மணலு, தண்ணி சீக்கிரம் ஊறும். வெயில் தாழ எல்லாரும் அங்கதான் போவோம்."

"நீங்க மொண்டுட்டு இருக்கறப்ப என்ன ஆச்சு?"

"தமுக்குச் சத்தம் கேட்டுதுங்க. கொடத்தைத் தூக்கிட்டு ஓடி வந்தோம்."

ஓவர்சீயர் நோட்டைத் தன் பக்கம் இழுத்தார். அர்த்தநாரி அதன்மேல் விரலை வைத்தார். ஐந்து மணிக்கு எட்டடி என்று எழுதியிருக்கிறது. தமுக்கு 5.20. அப்படியானால் இந்தப் பதினோரு பேரும் எட்டடித் தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்து இருபது நிமிஷம் குடம் மொண்டிருக்கிறார்கள். அதுவும் செந்தண்ணீருக்கு அடியில் தெளிந்த தண்ணீர்.

மாதையன் கடிகாரம் தப்பாக ஓடியிருக்கும் என்றான்.

"ஓடட்டும். எட்டடியையும் தமுக்கையும் நீ எழுதினது ஒரே கடியாரத்தைப் பாத்துத்தானே? எது முந்தி, எது பிந்திங்கறதைக் கடியாரம் மாத்தாது. தமுக்கு அடிக்கறப்ப கம்பத்தடியில காஞ்ச மணலு. உன் நோட்டுல மத்தியானம் அரை அடிக் கசிவு, அஞ்சு மணிக்கு எட்டடி. நீ கம்பத்தைப் பாக்கவே இல்லை."

அதிலிருந்து அர்த்தநாரி நிறுத்தவில்லை. நொச்சித்துறையிலேயே ஆற்றை நன்றாக அறிந்தவன் அப்புசாமி. தமுக்குக்குப் பிறகு தண்ணீர் வந்திருந்தால் அவன் சாக மாட்டான் என்று யாரும் சொல்வார்கள், உடனே மண்டைக் காயத்தைப் பார்ப்பார்கள். அதனால் தண்ணீர் தமுக்குக்கு முன்னால் வந்தாக வேண்டும். அப்படி வந்ததாகச் சொல்ல ஒருவனால்தான் முடியும். போன வாரமே பறித்து முடித்த வெள்ளரியைப் பார்க்க அப்புசாமி திட்டுக்குப் போனான் என்று சொன்னவனும் அவன்தான்.

கயிற்றை மேஜைமேல் வைத்தார். இருபது நாள், மூன்று துணி. நோட்டில் அதே இருபது நாளுக்கு அறுபது வரி. கொட்டகையிலிருந்து போகும் தடம் முழுக்க நெருஞ்சி பூத்துக் கிடக்கிறது. தினம் மூன்று தரம் மனிதக் கால் நடக்கிற தடத்தில் நெருஞ்சி பூப்பதில்லை. இன்றைக்கு ஓவர்சீயர் வருகிறார், இந்தக் கயிறு அவர் கைக்குப் போக வேண்டியது. போனால் வேலை போகும், போன ஐப்பசியில் செத்தவனுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

"நேத்துச் சாயங்காலமாவது முந்நூறு அடி நடந்து போய்ப் பாத்திருந்தீன்னா, பொம்பளைங்க அங்க இருக்கறது தெரிஞ்சிருக்கும். பொய்யையாவது ஒழுங்கா எழுதியிருப்ப. நேத்தும் நீ கொட்டகையில உக்காந்துட்டேதான் எழுதியிருக்கற, மாதையா."

மாதையன் கசங்காத சட்டையோடு தரையில் உட்கார்ந்துவிட்டான். கொல்ல நினைக்கவில்லை என்றான். மூன்றரை மணிக்கு அப்புசாமி கம்பத்தடிக்குக் கூப்பிட்டு நாளைக்கு எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன் என்றான், கெஞ்சியும் கேட்கவில்லை, தள்ளினேன், கம்பத்தின் கல் மேடையில் மண்டை மோதியது. ரத்தத்தை மணல் தள்ளி மூடிவிட்டு, வெயில் தாழ்வதற்குள் பக்கத்து நாணலுக்குள் இழுத்துப் போட்டேன். தண்ணீர் இன்றோ நாளையோ வந்து கொண்டுபோய்விடும் என்று தெரியும். தமுக்குச் சத்தம் கேட்டதும் நிம்மதியாக இருந்தது. அதைச் சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டான். கான்ஸ்டபிள் அவன் தோளைப் பிடித்துத் தூக்கினான்.

தாசில்தார் எழுதிய தாளைக் கிழித்தார். ஓவர்சீயர் நோட்டை மூடினார். தபால் இன்ஸ்பெக்டருக்கு மட்டும் ஒரு விஷயம் பாக்கி இருந்தது. உயிர் போனதற்கும் காளியண்ணனுக்கும் சம்பந்தமில்லை, சரி. ஆனால் தந்திப் பெட்டியை விட்டுப் போனது விதிமீறல். பியூன் 5.45க்குத்தான் வந்திருக்கிறான் என்பது பதிவாகியிருக்கிறது. அதுவரை காத்திருப்பதுதான் முறை. அதற்கு விளக்கம் கேட்டாக வேண்டும்.

அர்த்தநாரி பெருமாயியிடம் திரும்பினார்.

"தமுக்குக் கேட்டு எவ்வளவு நேரத்துல தண்ணி வந்தது?"

"நேரம் சொல்லத் தெரியலீங்க. எனக்குத்தான் கடேசிக் கொடம். அதைக் கொண்டாந்து மேட்டுல வெச்சுட்டுத் திரும்பிப் பாக்கறேன், எங்க ஊத்தைக் காணோம். கம்பம் பாதி முழுகிருச்சுங்க."

தபால் இன்ஸ்பெக்டர் பேனாவை வைத்துவிட்டார்.

சுவரோரமாக நின்றிருந்த காளியண்ணன் நேற்றிலிருந்து முதல் தரம் மனைவியின் முகத்தைப் பார்த்தார். 5.45 வரை காத்திருப்பதுதான் முறை. அந்த முறைப்படி நடந்திருந்தால் இந்தப் பதினோரு பேர் என்ன ஆகியிருப்பார்கள் என்பதை அவர் கணக்குப் போட்டார்.

"நீ அங்கயா இருந்த?"

"சாயந்தரத்துல வேற எங்க இருப்பேன்? தண்ணி வந்ததுலருந்து உங்ககிட்டச் சொல்லோணும்னு இருக்கறேன். நீங்கதான் ஆரு மூஞ்சியையும் பாக்கலீங்களே."

அவர் அழுதார். ஆபீஸ் கோட்டோடு, அதிகாரிகளுக்கு முன்னால், விக்கி விக்கி அழுதார். யாரும் அவரை நிறுத்தச் சொல்லவில்லை.

மாலை 4.20.

மோட்டார் மாதையனை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. காளியண்ணன் தபால் ஆபீஸுக்குத் திரும்பினார். வாசலில் ஆராயி எழுந்து நின்றாள். சாவடியில் நடந்ததை அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அவர் ஒதுங்கி நின்றார்.

அம்மாபேட்டையில் தறிக்காரர் வீட்டில் அவள் மகள் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அப்பன் செத்த சேதி இன்னும் அவளுக்குப் போகவில்லை. காலையிலேயே பலர் ஆள் அனுப்பச் சொன்னார்கள். ஆராயி யாரையும் அனுப்பவில்லை.

"புள்ளைக்கு ஒரு தந்தி அடிக்கோணுமுங்க," என்றாள்.

காளியண்ணன் தபால் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். வேலையிலிருந்து நிறுத்தியிருந்தது இன்னும் நீங்கவில்லை. இன்ஸ்பெக்டர் ஆற்றுப் பக்கமாகத் திரும்பிக்கொண்டு எதையோ கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார். காளியண்ணன் உள்ளே போய் உட்கார்ந்து தாளை எடுத்தார். அவள் சொல்லச் சொல்ல எழுதினார். நாலு சொல்தான். தந்திப் பெட்டியைத் தொட்டார்.

"எப்பப் போய்ச் சேருமுங்க?" என்று கேட்டாள் ஆராயி.

"இப்பவேங்க அக்கா. போயிட்டே இருக்குது."